மீ லா ப்யி: ரங்கூன் அச்சகக் கணினி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ரங்கூன் நகர மையத்தில், அனோரதா சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், தரைத்தளத்தில் இருக்கிறது அந்த அச்சகம். 1871-இல் நம் தமிழர்கள் கட்டிய காளி கோயிலுக்கு அங்கிருந்து நடந்தே போய்விடலாம். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கருமாதி, தீமிதி நோட்டீஸ் என்று தமிழிலும் பர்மியத்திலும் அடிக்கிறார்கள். மூத்தவர் ஒருவர் முதலாளி. வடிவமைப்பு வேலை முழுவதையும் ஒரு தங்கச்சி பார்த்துக்கொள்கிறாள். கோயில் வகுப்பில் தமிழ் படித்தவள், வேகமாகத் தட்டச்சு செய்வாள்.

கணினி ஒன்றுதான். நான்காம் தலைமுறை இன்டெல் கோர் ஐ5, டிடிஆர்3 ரேம், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. விண்டோஸ் 7, பக்கம் வடிவமைக்க பேஜ்மேக்கர், படம் வரைய கோரல்டிரா. விண்டோஸ் 7-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டது. அதனால் இந்தப் பெட்டிக்கு இணையமே கொடுக்காமல் வைத்திருக்கிறார்கள்.

"புதுசாக ஒன்று வாங்கிவிடுங்கள்" என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். முதலாளி ஏன் வாங்கவில்லை என்பது உள்ளே பார்த்தால்தான் புரியும். பதினைந்து வருடப் பத்திரிகைக் கோப்புகள் அதில் கிடக்கின்றன. தமிழ்க் கோப்புகள் பாமினி எழுத்துருவில், பர்மியக் கோப்புகள் ஜாவ்ஜி எழுத்துருவில். இரண்டும் யூனிகோடு என்ற பொதுத்தரத்தில் சேராத பழைய முறைகள். மியன்மா 2019 அக்டோபர் 1 அன்று அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியது. பழைய கோப்புகள் அதோடு சேர்ந்து மாறிவிடவில்லை. ஒரு குடும்பத்தில் மூத்த மகள் கல்யாணப் பத்திரிகை அடித்திருந்தால், இளைய மகளுக்கும் அதே மாதிரிதான் வேண்டும் என்று வருவார்கள். அந்தப் பெட்டி ஓடினால்தான் அச்சகம் ஓடும்.

கணினி பழுது பார்ப்பவன் நான். குறை என்று எனக்குச் சொல்லப்பட்டது இரண்டே வரி. வேலை செய்துகொண்டிருக்கும்போது பட்டென்று அணைந்து தானே மறுபடி கிளம்புகிறது. சில நாள் காலையில் நீலத்திரை வந்து நின்றுவிடுகிறது.

எனக்கு முன்பே வேறொரு கடையில் மூன்று முறை பார்த்திருக்கிறார்கள். மூன்று முறையும் பெட்டியைச் சைக்காவில் (பக்கவாட்டு இருக்கை வைத்த சைக்கிள் ரிக்ஷா) ஏற்றிக் கொண்டுபோய்க் கொண்டுவந்திருக்கிறார்கள். முதல் முறை ரேம் மாற்றம். இரண்டாம் முறை பழைய ஹார்டுடிஸ்கை அப்படியே எஸ்எஸ்டி என்ற புதுவகை டிஸ்குக்கு நகலெடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாம் முறை, கணினிக்குள் மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பவர் சப்ளையை டெஸ்டரில் செருகிப் பார்த்து, பச்சை விளக்கு எரிந்ததால் நல்லது என்று சொல்லி, மதர்போர்டைத்தான் மாற்ற வேண்டும் என்று முடித்திருக்கிறார்கள். அந்த நிலையில்தான் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

அந்தக் கடைக்காரர் ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. பெட்டி அவருடைய மேசையில் ஒருமுறைகூட அணையவில்லை, அவ்வளவுதான். அதனால் நான் பெட்டியைத் தூக்கவில்லை. அச்சகத்துக்கே போனேன்.

முதல் நாள்

மேசைக்குக் கீழே மரப் பலகையடித்த கூண்டுக்குள் பெட்டி. சுற்றிலும் காகிதம் வெட்டும் இடம். பக்கவாட்டு மூடியைத் திறக்கப் போனபோது தங்கச்சி அவசரமாகச் சொன்னாள்: "அண்ணே, செருப்பைக் கழற்றாதீங்க. சுர்ருன்னு பிடிக்கும்."

கையை எடுத்துவிட்டு மீட்டரை வைத்தேன். பெட்டியின் இரும்புக்கும் சுவரோரத் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவே ஏசி 108 வோல்ட். இதற்கு விளக்கம் உண்டு. பவர் சப்ளையின் வாசலிலேயே மின் இரைச்சலை வடிகட்டும் இரண்டு சிறு கப்பாசிட்டர்கள் (மின்தேக்கிகள்) இருக்கும். ஒன்று லைனிலிருந்து பெட்டி உடம்புக்கு, மற்றொன்று நியூட்ரலிலிருந்து உடம்புக்கு. எர்த் இருந்தால் அந்தச் சிறு கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் பெட்டி உடம்பு நடுவில் தொங்கிக்கொண்டு ஏறக்குறைய பாதி வோல்டேஜில் நிற்கும். மின்னோட்டம் மிகக் குறைவு, உயிரை எடுக்காது. ஆனால் அந்த நிலையில் யூஎஸ்பி கேபிளைச் செருகுவதும் பிடுங்குவதும் பிரிண்டர் போர்டுக்கு நல்லதல்ல. இந்த அச்சகத்தில் மூன்று துளைப் பிளக்கை இரண்டு துளை அடாப்டரில் மாட்டி, அதை எக்ஸ்டென்ஷனில் மாட்டியிருந்தார்கள். எர்த் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

இதைக் குறித்துக்கொண்டேன். பெட்டி அணைவதற்கு இது காரணமாகத் தெரியவில்லை.

அடுத்து விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடு. திடீர் அணைப்பு நடந்தால் அதில் கெர்னல்-பவர் 41 என்று ஒரு பதிவு விழும். அதற்குள் பக்செக் எண் என்று ஒரு வரி இருக்கும். நீலத்திரை வந்து விழுந்திருந்தால் அங்கே ஏதாவது ஓர் எண் நிற்கும். பூஜ்யம் நின்றால், அநேகமாக விண்டோஸ் எதையும் உணர்வதற்கு முன்பே கரண்ட் போய்விட்டது என்று பொருள். இங்கே வரிசையாகப் பூஜ்யம். ரேம் மாற்றியது வீண் என்பது அந்த இடத்திலேயே எனக்குப் பெரும்பாலும் தெரிந்துவிட்டது.

எந்த நேரத்தில் அணைகிறது என்று பார்க்கத்தான் பதிவேட்டைத் திறந்தேன். நேரம் குழம்பிக் கிடந்தது. இந்த வாரப் பதிவுகளுக்கு நடுவில் 2013 ஜனவரி என்று பத்துப் பதினைந்து பதிவுகள், பிறகு மறுபடி இந்த வாரம். தங்கச்சியிடம் கேட்டேன்.

"ஆமாண்ணே, சில நாள் தேதி பழசாப் போயிடும். நான் ஃபோனைப் பார்த்து மாத்திடுவேன்."

"எந்த நாள்?"

அவள் யோசித்தாள். "திங்கக்கிழமையா இருக்கும்."

மதர்போர்டில் இருக்கும் வட்ட பேட்டரி, சிஆர்2032, புதிதாக இருக்கும்போது 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். இது 2.31 காட்டியது. பெட்டிக்கு மின்சாரம் இருக்கும்வரை, அணைத்து வைத்திருந்தாலும், பவர் சப்ளையின் ஊதா ஒயரில் வரும் 5 வோல்ட்டிலிருந்தே கடிகாரம் ஓடும்; பேட்டரிக்கு வேலை இல்லை. மின்சாரமே இல்லாத மணி நேரங்களில்தான் பேட்டரி கரையும். முன்பெல்லாம் இந்த அச்சகத்தில் மெயினை அணைக்கும் பழக்கம் இல்லை. மின்வெட்டு அதிகமான பிறகு, திரும்பி வரும் கரண்ட் கூடுதல் வோல்டேஜோடு வந்து எதையாவது எரித்துவிடுமோ என்று பயந்து, சாயங்காலம் கடை அடைக்கும்போது மெயினை இறக்கிவிட்டுப் போகிறார்கள். ஒவ்வொரு இரவும் பதினான்கு மணி நேரம், ஞாயிறு முழுநாள். சாகக் கிடந்த பேட்டரி ஒரு இரவைத் தாங்கியது. சனி சாயங்காலத்திலிருந்து திங்கள் காலை வரை தாங்கவில்லை.

பிளக்கைப் பிடுங்கி, பழைய பேட்டரியை எடுத்து, புதியதைப் போட்டு, தேதியைச் சரி செய்து, சேமித்துவிட்டு வெளியே வந்தேன். விண்டோஸ் சின்னம் ஒரு நொடி மின்னியது. பிறகு நீலத்திரை. கடைசியில் 7பி என்று முடியும் எண்.

தங்கச்சி என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "இதேதாண்ணே. திங்கக்கிழமை வர்றது இதேதான்."

அந்த எண்ணுக்குப் பொருள், விண்டோஸால் தான் கிளம்ப வேண்டிய டிஸ்கைத் தொட முடியவில்லை என்பது. டிஸ்க் செத்தாலும் வரும். டிஸ்கோடு பேசும் முறை மாறினாலும் வரும். இங்கே நடந்தது இரண்டாவது. இந்த விண்டோஸை முதலில் நிறுவியது இன்னும் பழைய ஒரு கணினியில், டிஸ்கோடு பேசும் முறை (சாட்டா அமைப்பு) ஐடிஇ என்ற பழைய வகையாக இருந்த காலத்தில். அந்த டிஸ்கை அப்படியே இந்தப் பெட்டிக்குக் கொண்டுவந்து, பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் அடிப்படை நிரல்) ஐடிஇ என்று வைத்து ஓட்டியிருக்கிறார்கள். இந்த போர்டின் இயல்பான அமைப்போ ஏஹெச்சிஐ என்ற புதிய வகை. பேட்டரி கைவிட்டதும் பயாஸ் தன் இயல்புக்குத் திரும்பியது. ஏஹெச்சிஐ டிரைவரைத் தொடக்கத்திலேயே ஏற்ற வேண்டும் என்று அந்த விண்டோஸுக்கு யாரும் சொல்லவில்லை. நீலத்திரை. பேட்டரியைக் கழற்றி மாட்டியதில் நானும் அதே வேலையைத்தான் செய்திருந்தேன்.

பயாஸில் ஐடிஇ என்று மாற்றினேன், உடனே கிளம்பியது. முந்தைய கடையிலும் இதைத்தான் யாரோ செய்திருக்க வேண்டும். புது எஸ்எஸ்டியை மாட்டியபோது அமைப்பையும் மாற்றியிருப்பார்கள், ஓடியிருக்கும், பழைய டிஸ்க்தான் கெட்டது என்று முடிவாகியிருக்கும். கழற்றிய ஹார்டுடிஸ்க் அலமாரியில் இருந்தது. அதை மாட்டி, டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரங்களைப் பார்த்தேன். கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டர் (சேமிப்புத் துண்டு) ஒன்றுகூட இல்லை.

பயாஸில் ஐடிஇ வைத்துவிட்டு வந்தால் இன்னும் சில வருடம் கழித்து இந்தப் பேட்டரியும் தீரும்போது அதே நீலத்திரை வரும். அதனால் விண்டோஸ் கிளம்பி நின்றபோதே ரெஜிஸ்ட்ரியில் சர்வீசஸ் கிளைக்குள் எம்எஸ்ஏஹெச்சிஐ என்ற பகுதியில் ஸ்டார்ட் மதிப்பை 3-இலிருந்து 0 ஆக்கினேன், அதாவது ஏஹெச்சிஐ டிரைவரைத் தொடக்கத்திலேயே ஏற்று என்று சொன்னேன். மறுதொடக்கத்தில் பயாஸை ஏஹெச்சிஐக்கு மாற்றினேன். கிளம்பியது. பிறகு வேண்டுமென்றே பேட்டரியைக் கழற்றி, பத்து நிமிடம் விட்டு, மாட்டிப் பார்த்தேன். தேதி போயிற்று, ஆனால் விண்டோஸ் வந்தது. திங்கட்கிழமை நோய் அத்தோடு தீர்ந்தது.

மற்ற நாட்களின் நோய் அப்படியே இருந்தது. நான் இருந்த மூன்று மணி நேரத்தில் பெட்டி அணையவே இல்லை. தங்கச்சியிடம் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்தேன். அணைந்தால் மணி என்ன, திரையில் என்ன வேலை நடந்தது, அறையில் அப்போது வேறென்ன நடந்தது, கண்ணில் காதில் பட்டது எதுவானாலும் எழுதச் சொன்னேன். ஒரு வாரம்.

நோட்டில் இருந்தது

பாதி தமிழ், பாதி பர்மியம், மணி எல்லாம் பர்மிய எண்களில். ஒன்பது முறை அணைந்திருந்தது. புது பேட்டரி போட்டதால் பதிவேட்டு நேரம் இப்போது நம்பும்படி இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்பதும் நிமிடம் பிசகாமல் பொருந்தின.

ஐந்து இடத்தில் "கரண்ட் போச்சு" என்று எழுதியிருந்தாள். மூன்று இடத்தில் "மீ லா ப்யி". ரங்கூனில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மணிக்கணக்காக இருட்டில் கிடந்த தெருவில் கரண்ட் வந்ததும் குழந்தைகள் முதல் கிழவிகள் வரை கத்தும் சத்தம் அது: மின்சாரம் வந்துவிட்டது. அதாவது போகும்போதும் அணைகிறது, வரும்போதும் அணைகிறது.

ஒன்பதாவதுதான் என்னை உட்கார வைத்தது. செவ்வாய் பிற்பகல், 2 மணி 40. "கரண்ட் போகவில்லை. யாரும் கத்தவில்லை. விசிறி மட்டும் ர்ர்ர் என்று சத்தம் போட்டு மறுபடி சும்மா ஆனது."

அச்சகத்தில் வீட்டு இன்வெர்ட்டர் ஒன்று இருக்கிறது. 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி, இரண்டு விசிறி, நான்கு விளக்கு, இந்தக் கணினி. அது தருவது நல்ல சைன் அலை அல்ல, படிக்கட்டு போன்ற அலை. அந்த அலையில் விசிறியின் சுருள் உறுமும். விசிறி உறுமினால் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாறிவிட்டது என்று அர்த்தம். பக்கத்துக் கட்டடத்தில் தண்ணீர் மோட்டார் போட்டிருப்பார்கள், வோல்டேஜ் ஒரு கணம் சரிந்திருக்கும், இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தாவி உடனே திரும்பியிருக்கும். கரண்ட் போகாமலே அந்தத் தாவலில் பெட்டி அணைந்திருக்கிறது. இத்தனை வருட வேலையில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த நோய்க்குறிப்பு அந்த ஒரு வரி என்று சொல்வேன்.

இன்னொன்றும் அவள் எழுத்தில் இருந்தது. அணைந்த ஒன்பது முறையும் கோரல்டிராவில் பெரிய படத்தை ஏற்றுமதி செய்துகொண்டோ, பிரிண்டருக்கு அனுப்பிக்கொண்டோ இருந்திருக்கிறாள். சும்மா தட்டச்சு செய்தபோது கரண்ட் எத்தனையோ முறை போய் வந்திருக்கிறது, பெட்டி அசையவில்லை.

சோதனை

இப்போது கேள்வி சிறியதாகிவிட்டது. இன்வெர்ட்டர் தாவும் இடைவெளியை இந்த பவர் சப்ளை ஏன் தாங்கவில்லை?

நிலையான அளவுகள் எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. 12 வோல்ட் ஒயரில் 12.08, 5-இல் 5.03, 3.3-இல் 3.31, ஊதாவில் 5.02. கணினி பவர் சப்ளைகளுக்கான ஏடிஎக்ஸ் வரையறை ஐந்து சதவீதம் கூடக் குறைய விடுகிறது, இவை அதற்குள் வெகு வசதியாக இருந்தன. டெஸ்டரின் பச்சை விளக்கு பொய் சொல்லவில்லை. ஓடிக்கொண்டே இருக்கும் கரண்டில் சப்ளை எப்படி இருக்கிறது என்பதை மட்டும்தான் அது சொல்லும். கரண்ட் ஒரு கணம் நின்றால் எவ்வளவு நேரம் மூச்சுப் பிடிக்கும் என்று அது சொல்லவே சொல்லாது.

தங்கச்சியை எல்லாக் கோப்பையும் மூடச் சொல்லிவிட்டு, இன்வெர்ட்டருக்குப் போகும் மெயினை நானே அணைத்து அணைத்துப் போட்டேன். கணினி சும்மா இருக்கும்போது பத்து முறை: ஒருமுறைகூட அணையவில்லை. பிராசசருக்கு முழு வேலை கொடுத்துவிட்டுப் பத்து முறை: எட்டு முறை அணைந்தது. என்னிடமிருந்த நல்ல சப்ளை ஒன்றை மாட்டி, அதே முழு வேலையில் பத்து முறை: ஒன்றுமில்லை. மதர்போர்டு மீது இருந்த பழி அந்த நிமிடம் நீங்கியது.

சப்ளையைக் கழற்றினேன். 400 வாட், பின்னால் 115/230 சிவப்பு சுவிட்ச் இல்லாத வகை, ஆக்டிவ் பிஎஃப்சி. இந்த வகையில் உள்ளே வரும் ஏசியை ஏறக்குறைய 380 வோல்ட் டிசியாக உயர்த்தி ஒரே பெரிய கப்பாசிட்டரில் தேக்குவார்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தத் தேக்கம் கொஞ்ச நேரம் நிற்கும். தொட்டால் ஆளைத் தூக்கி எறியும், இதயத்தை நிறுத்தவும் செய்யும். இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் சப்ளையைத் திறக்க வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். நான் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, 60 வாட் குண்டு பல்பின் இரு ஒயர்களைக் கப்பாசிட்டரின் கால்களில் வைத்து வடித்தேன். பிறகும் மீட்டரில் பூஜ்யம் பார்த்த பின்தான் விரல் வைத்தேன்.

மூடியைத் திறந்ததும் முதலில் தெரிந்தது கம்பளி மாதிரி ஒரு படலம். காகிதத் தூசியும் மழைக்கால ஈரமும் சேர்ந்து விசிறியின் வாயை அடைத்திருந்தன. ரங்கூனில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மாதத்துக்கு 500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அந்த ஈரத்தில் காகிதத் தூசி உதிராது, ஒட்டிக்கொள்ளும். போதாக்குறைக்கு மரக் கூண்டு. உள்ளே காற்றே இல்லை.

பெரிய கப்பாசிட்டர் பார்வைக்குப் புத்தம் புதிதுபோல் இருந்தது. தலை உப்பவில்லை, கசிவில்லை. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். மதர்போர்டிலுள்ள சிறிய கப்பாசிட்டர்கள் கெட்டால் தலை உப்பிக் காட்டிக்கொடுக்கும். இந்தப் பெரிய வகை எந்த அடையாளமும் காட்டாமல் உள்ளேயே உலர்ந்து போகும். உடம்பில் 270 மைக்ரோஃபாரட் (எவ்வளவு தேக்கும் என்பதன் அளவு), 400 வோல்ட், 105 டிகிரி என்று அச்சிட்டிருந்தது. கழற்றி மீட்டரில் வைத்தால் 118.

இந்த எண்ணை வைத்துக் கணக்குப் போடலாம், போட்டுப் பார்க்க வேண்டும். கப்பாசிட்டரில் தேங்கும் ஆற்றல் கொள்ளளவில் பாதியை வோல்டேஜின் வர்க்கத்தால் பெருக்குவது. 380 வோல்ட்டிலிருந்து சுமார் 300 வரை இறங்கும்வரை சப்ளை சமாளிக்கும் என்று வைத்துக்கொண்டால், 270 மைக்ரோஃபாரட் தரக்கூடியது 7.3 ஜூல். மாற்றத்தில் போகும் நஷ்டத்தைக் கழித்தால் 6.4. 400 வாட் முழுச் சுமையில் அது 16 மில்லிவினாடிக்கு வரும். ஏடிஎக்ஸ் வழிகாட்டி கேட்பதும் ஏறக்குறைய அதேதான். இந்தக் கணினி முழு வேலையிலும் 100 வாட் சுற்றித்தான் எடுக்கும். ஆகவே புதிதாக இருந்தபோது 64 மில்லிவினாடி மூச்சுப் பிடித்திருக்கும். 118 ஆகச் சுருங்கிய பிறகு 28 மில்லிவினாடி. சும்மா இருக்கும்போது, 40 வாட்டில், 70.

இன்வெர்ட்டரின் பின்பக்கம் ஒரு சிறு சுவிட்ச்: யூபிஎஸ் முறை, சாதாரண முறை. யூபிஎஸ் முறையில் தாவும் நேரம் 10 மில்லிவினாடி அளவு. சாதாரண முறையில் 40 வரை போகும், நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இரண்டு முழு அலை. சுவிட்ச் சாதாரண முறையில் இருந்தது. 64-க்கு 40 பிரச்சினையில்லை. 28-க்கு 40 பிரச்சினை. சும்மா இருக்கும்போது 70-க்கு 40 மறுபடி பிரச்சினையில்லை. தங்கச்சி நோட்டில் எழுதியது, நான் பத்துப் பத்து முறை அணைத்துப் பார்த்தது, இந்தக் கணக்கு, மூன்றும் ஒன்றையே சொல்லின.

முதலாளியின் கேள்வி

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த முதலாளி சொன்னார்: "அப்ப அந்த சுவிட்சைத் தள்ளிவிட்டாப் போதுமே தம்பி?"

நியாயமான கேள்வி. பழைய கப்பாசிட்டரை மீண்டும் வைத்து, சுவிட்சை யூபிஎஸ் பக்கம் தள்ளி, முழு வேலையில் பத்து முறை அணைத்துக் காட்டினேன். ஒருமுறைகூட அணையவில்லை. அவர் சொன்னது சரிதான்.

ஆனால் அந்த சுவிட்சைச் சாதாரண முறையில் வைத்த எலக்ட்ரீஷியனுக்கும் ஒரு காரணம் இருந்தது. யூபிஎஸ் முறையில் இன்வெர்ட்டர் கண்டிப்பானது. மெயின் வோல்டேஜ் 180-க்குக் கீழே இறங்கினால் பேட்டரிக்குப் போய்விடும். அந்தச் சந்தில் சாயங்காலம் மீட்டர் வைத்தேன்: 174, 178, 171. யூபிஎஸ் முறையில் விட்டால் கரண்ட் இருக்கும்போதே பேட்டரி தீரும், உண்மையில் கரண்ட் போகும்போது விசிறிக்குக்கூட மிச்சம் இருக்காது. சாதாரண முறை இந்தக் குறைந்த வோல்டேஜையும் ஏற்றுக்கொள்ளும். எனவே சுவிட்ச் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், கப்பாசிட்டரை மாற்றுவோம் என்றேன். மேலும், அது 118-இலேயே நிற்கப் போவதில்லை. வெப்பம் பத்து டிகிரி கூடினால் எலக்ட்ரோலிடிக் கப்பாசிட்டரின் ஆயுள் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் கையாளும் கணக்கு. அந்தக் கூண்டுக்குள் அது உலர்ந்துகொண்டேதான் இருக்கும்.

புது சப்ளை வாங்கலாமா என்றும் கேட்டார். கடைத்தெருவில் மலிவாகக் கிடைப்பவற்றில் 500 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், கையில் எடுத்தால் காலி டப்பா போல் இருக்கும். திறந்து பார்த்தால் வாசலில் வடிகட்டிச் சுருள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஒயர்த் துண்டு, கப்பாசிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் துளை. இவரிடம் இருந்த பழைய சப்ளை நல்ல கையால் செய்த சாமான். அதைக் காப்பாற்றுவதே மேல் என்று சொன்னேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அதே குறுக்களவில் 270 மைக்ரோஃபாரட், 450 வோல்ட் ஒன்று கிடைத்தது. மீட்டரில் 264. பழையதைப் பிடித்திருந்த மஞ்சள் பசை சூட்டில் கறுத்துப் போயிருந்தது. அப்படிக் கறுத்த பசை மின்சாரத்தைக் கசியவிடும், செம்பையும் அரிக்கும். மரக்குச்சியால் முழுவதும் சுரண்டி எடுத்தேன். கணினிக்கு மின்சாரம் வெளியேறும் பக்கத்துச் சிறு கப்பாசிட்டர்கள் ஐந்தையும் கையோடு மாற்றினேன், விசிறிக்கு ஒரு சொட்டு எண்ணெய். முதல் முறை கரண்ட் கொடுக்கும்போது நேரே கொடுக்கவில்லை; 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்டுக் கொடுத்தேன். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழுவதும் எரிந்து காட்டிவிடும். ஒருமுறை மின்னி அடங்கியது.

அச்சகத்தில் மாட்டி, சாதாரண முறையில், முழு வேலையில் இருபது முறை மெயினை அணைத்துப் போட்டேன். இருபது முறையும் விசிறி உறுமியது, கணினி ஓடியது. பதினைந்தாவது முறை வாக்கில் முதலாளி எண்ணுவதை நிறுத்திவிட்டு டீ சொல்லப் போனார்.

எர்த்

இது கணினி அணைந்ததற்குக் காரணமில்லை என்று சொன்னேன். ஆனாலும் அப்படியே விட்டுவிட்டு வர மனமில்லை. தினம் பத்து மணி நேரம் ஒரு பெண்பிள்ளை உட்காரும் இடம்.

தரைத்தளமாக இருந்தது நல்லதாயிற்று. தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் பின் சந்தின் மண்ணில் செம்புக் கம்பி இறக்கி, தனி ஒயர் இழுத்து, மூன்று துளை சாக்கெட் வைத்துக் கொடுத்தார். பெட்டி உடம்பில் 108 இருந்தது 1 வோல்ட்டுக்கும் கீழே வந்தது. மாடிக் குடியிருப்புகளில் இதற்கு வழியில்லாமல் சிலர் பெட்டி உடம்பை நியூட்ரலோடு சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். அதைச் செய்யவே கூடாது. இரண்டு துளைப் பிளக்கைத் திருப்பி மாட்டினால் நியூட்ரல் இருந்த இடத்தில் லைன் வந்துவிடும். 230 வோல்ட் முழுசாகப் பெட்டி உடம்பில் நிற்கும். இது சுர்ரென்று பிடிப்பதோடு விடாது, ஆளைக் கொன்றுவிடும்.

மரக் கூண்டின் பின்பலகையைக் கழற்றி வைத்தோம். பெட்டியைத் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி ஸ்டாண்டில் வைத்தோம்.

இப்போது

நோட்டைத் தங்கச்சி நிறுத்தவில்லை. ஐந்து வாரப் பக்கங்களைப் பார்த்தேன். கரண்ட் போனதும் வந்ததும் எழுதியிருக்கிறாள், அணைந்தது என்று ஒரு வரியும் இல்லை. ஐந்து திங்கட்கிழமை, ஐந்திலும் தேதி சரி. இரண்டாம் வாரம் முதல் பக்க ஓரத்தில் வேறொரு கணக்கும் தொடங்கியிருக்கிறது: ஜாவ்ஜியிலிருந்தும் பாமினியிலிருந்தும் யூனிகோடுக்கு மாற்றி முடித்த பத்திரிகைகளின் எண்ணிக்கை. ஒரு நாளைக்கு ஆறு, ஏழு. மாற்றிய பிறகு வரிக்கு வரி தானே சரிபார்க்கிறாளாம். பெயர்களில் ஒரு கால் விட்டுப்போனாலும் குடும்பங்கள் மன்னிப்பதில்லை என்றாள்.

கழற்றிய ஹார்டுடிஸ்கை அவளிடமே கொடுத்தேன். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் அதில் நகலெடுத்து முதலாளி வீட்டில் வைக்கிறார்கள்.

அடுத்து நான் போக வேண்டியது தடிஞ்சுட் விளக்குத் திருவிழா விடுமுறை முடிந்து கடை திறக்கும் காலை. மெயினை இறக்கி நான்கு நாள் அடைத்துக் கிடந்திருக்கும் பெட்டி அது. பார்க்க வேண்டியவை: பேட்டரியின் வோல்டேஜ், எர்த், விசிறி வாயில் தூசி, பிறகு முழு வேலையில் பத்து முறை அணைத்துப் போடுவது. தங்கச்சி நோட்டில் அந்தத் தேதிக்கு ஒரு பக்கத்தை இப்போதே கோடு போட்டு வைத்திருக்கிறாள்.